பாம்பு விழுங்கிய நிலவும் ஆறு நாள் கணக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். வேதநூல்கள் இயற்கையைப் பற்றிச் சொல்வதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்வதா, உவமையாகப் படிப்பதா என்பது தலைப்பு. நான் உவமைக் கட்சி. எனக்கு முன்னால் பேசியவர், "இன்றைக்கு ஒரு வரியை உவமை என்பான், நாளைக்கு அடுத்த வரியையும் சொல்வான், கடைசியில் நூலில் அட்டைதான் மிஞ்சும்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். அந்த அணியின் உருப்படியான வாதம் அது ஒன்றுதான், அதற்கு வருகிறேன்.

முதலில் ஒரு குறள். காதலர்கள் பார்த்துக்கொண்டது ஒரே நாள், ஆனால் ஊர்ப்பேச்சோ 'திங்களைப் பாம்புகொண் டற்று', அதாவது நிலவைப் பாம்பு விழுங்கிய சேதிபோல, எங்கும் பரவிவிட்டது என்கிறார் வள்ளுவர். இதைப் படித்துவிட்டு அந்தப் பாம்பு எத்தனை மைல் நீளம் என்று யாராவது கேட்டோமா? குறள் வேதநூல் இல்லையே என்பீர்கள். சரி, அதே பாம்பு புராணத்திலும் இருக்கிறது, ராகு என்ற பெயரில். கிரகணத்தில் சூரியனை மறைப்பது நிலவு, நிலவை மறைப்பது பூமியின் நிழல் என்று ஆரியபட்டர் 499லேயே எழுதிவிட்டார். அவருக்குப் பின் வந்த பிரம்மகுப்தர் 628ல் எழுதும்போது, ராகுவை மறுப்பது வேத வழக்குக்கு விரோதம் என்று ஆரியபட்டரைக் கண்டிக்கிறார். கண்டித்துவிட்டு என்ன செய்தார் தெரியுமா? கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்ற கணக்கை நிழலை வைத்தே போட்டார்! பாம்பின் வாயை அளந்து யாரும் கிரகணத்துக்கு நேரம் குறிக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். 11ஆம் நூற்றாண்டில் இதைப் படித்த பாரசீக அறிஞர் அல்பிரூனி, இவ்வளவு பெரிய கணித மேதை ஏன் இப்படிப் பேசுகிறார் என்று நொந்துகொள்கிறார். எனக்கென்னவோ பிரம்மகுப்தர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருக்கிறது. அப்புறம் ராகு எங்கே போனார்? எங்கேயும் போகவில்லை. நிலவின் பாதை சூரியனின் பாதைக்கு ஏறத்தாழ 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். பாம்பைப் புள்ளியாகப் படித்ததால் பஞ்சாங்கம் கிழிந்துவிடவில்லையே நடுவர் அவர்களே!

இப்போது எதிரணியின் கேள்வி. எது உவமை, எது நேர்பொருள் என்று யார் தீர்மானிப்பது? நீங்களேதான் ஐயா, தினமும் தீர்மானித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். கடவுள் தன் சிறகுகளால் மூடிக் காப்பார் என்று பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் வருகிறது. கடவுளுக்கு இறகு உண்டு என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லமாட்டீர்கள். ஆறுகள் கைகொட்டும் என்று வருகிறது. ஆற்றுக்குக் கை எங்கே என்று தேடமாட்டீர்கள். அதே புத்தகத்தில் பூமி அசையாதபடி நிலைநிறுத்தப்பட்டது என்று வந்தால் மட்டும் அதைப் புவியியல் பாடமாக்கிவிடுவீர்கள். ஆக, உவமையாகப் படிப்பது உங்களுக்கும் கைவந்த கலைதான். எந்த வரியில் என்பதில்தான் நமக்குள் சண்டை. இடையில் சந்தேகமான வரிகள் கிடக்கின்றன, ஒத்துக்கொள்கிறேன், அங்கே நாங்களும் திணறுவோம்.

அறிவியலிடம் அடி வாங்கிய பிறகு உவமை என்று நழுவுகிறீர்கள் என்றும் ஒரு குத்தல் வந்தது. வரலாறு அப்படி இல்லை. தொலைநோக்கி வருவதற்கு சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன்பே கிறிஸ்தவப் புனிதர் அகுஸ்தினார், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்தார் என்று சொல்லும் பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்துக்கு விரிவுரை எழுதினார். அந்த நூலின் தலைப்பிலேயே 'சொற்பொருள்படி' என்று இருக்கிறது, உள்ளே போனால் ஆறு நாள் என்பது நாம் வாழும் சாதாரண நாள் அல்ல என்கிறார்! வானத்தையும் நட்சத்திரங்களையும் பற்றி வேதத்தின் பெயரால் ஒருவன் உளறினால், விஷயம் தெரிந்த வெளியாள் சிரிப்பான். அந்தச் சிரிப்போடு வேதத்தில் உள்ள மற்றதையும் தள்ளிவிடுவான் என்பது அவருடைய கவலை. 12ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் கொர்தோபா நகரத்து இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு ருஷ்த், நிரூபிக்கப்பட்ட உண்மையும் வேதத்தின் மேலோட்டமான பொருளும் மோதினால் அரபு மொழியின் மரபுக்கு உட்பட்டு உள்பொருள் காண வேண்டும் என்றார். உண்மை உண்மைக்குப் பகையாகாது என்பது அவர் வாதம்.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதி கால்வின் வேத விஷயத்தில் தளர்ந்த ஆள் என்று யாரும் சொல்லமுடியாது. ஆதியாகமம் சூரியனையும் நிலவையும் இரண்டு பெரிய சுடர்கள் என்கிறது, வானியலாளர்களோ சனி நிலவைவிடப் பெரியது என்கிறார்கள். கால்வின் 1554ல் இதற்கு என்ன எழுதினார்? மோசே பாமரர் கண்ணுக்குத் தெரிவதை எழுதினார், வானியல் படிக்க வேண்டுமானால் வேறு இடத்துக்குப் போங்கள். அவ்வளவுதான், கதை முடிந்தது. அதே பாணியில்தான் நாமும் இன்றுவரை சூரியன் உதித்தது என்கிறோம், பூமி சுழன்றது என்று யார் சொல்கிறார்கள்?

இதைக் கேட்காததன் விலையும் நமக்குத் தெரியும். பைபிளில் யோசுவா சூரியனைப் பார்த்து நில் என்றார், ஆகவே ஓடுவது சூரியன்தான் என்ற பிடிவாதத்தில் 1633ல் ஒரு கிழவரை முழந்தாளிட வைத்தார்கள். அவர் கலீலியோ. 1642ல் சாகும்வரை வீட்டுக்காவல்.

எங்கள் பக்கம் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சிலரையும் விடப்போவதில்லை. பெருவெடிப்பு எங்கள் நூலில் இருக்கிறது, அணுகுண்டு இருக்கிறது, விமானம் இருக்கிறது என்று கிளம்புகிறார்களே, அவர்கள் நம் ஆட்கள் இல்லை நடுவர் அவர்களே, வேஷம் மாற்றி வந்த எதிரணி! பெருவெடிப்பைக் கண்டுபிடிக்கும்வரை அந்த வரியில் ஒருவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை, அதெப்படி? நாளைக்கு அந்தக் கோட்பாடு திருத்தப்பட்டால் வரியையும் திருத்துவார்களா? கவிதையை ஆய்வறிக்கையாக்குவது பழைய அறிவியலை வைத்துச் செய்தாலும் புதிய அறிவியலை வைத்துச் செய்தாலும் ஒரே கோளாறுதான்.

நேரமாகிவிட்டது என்று நடுவர் பார்க்கிறார். எனக்கு அடுத்து எழப்போகும் எதிரணி நண்பருக்கு ஒரு கேள்வியை வைத்துவிட்டு உட்காருகிறேன், கேள்விகூட என்னுடையதில்லை, 3ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் ஓரிகன் கேட்டது. ஆதியாகமத்தில் சூரியனும் நிலவும் 4ஆம் நாள்தான் வருகின்றன. அதற்கு முந்தைய மூன்று நாட்களுக்கும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி வந்தன? சொல்லுக்குச் சொல் பதில் வேண்டும். 'அது ஒரு மாதிரி நாள்' என்று தொடங்கினீர்கள் என்றால், இதோ என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.