பென்சில் பிடித்த கைகளுக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்திருக்கும் நகர்மன்றத் துணைத்தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் கூடத்தைத் தந்த நூலகர் ஐயா அவர்களே, திரைப்படச் சங்கத்துப் பிள்ளைகளே, வணக்கம். திரை கட்டுவதிலிருந்து நாற்காலி போடுவதுவரை நூலகர் ஐயாவே முன்னின்று பார்த்தார். அவருக்கு ஒரு கைதட்டல்!

எண்பதுகளின் இசை வீடியோக்கள் கதை சொன்ன விதம் பற்றி மூன்று உதாரணம் வைத்திருக்கிறேன். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்', இங்கிலாந்தின் டுரான் டுரான் குழு இலங்கையில் எடுத்த வீடியோக்கள், நார்வேயின் ஆ-ஹா குழு பாடிய 'டேக் ஆன் மீ'. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நான் அடிக்கடி சொல்வேன். நாலு நிமிடப் பாட்டுக்கும் கதைதான் சுவர். கடைசி உதாரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பாட்டுக்கு 1984-இல் ஒரு வீடியோ வந்தது. குழுவினர் நின்று பாடுவார்கள், அவ்வளவுதான். பெரிதாக எடுபடவில்லை. 1985-இல் ஸ்டீவ் பேரன் இயக்கத்தில் புதிதாக எடுத்தார்கள். ஒரு பெண் காபிக் கடையில் உட்கார்ந்து படக்கதை படிக்கிறாள். பென்சிலில் வரைந்த பந்தய வீரன் அவளைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். தாளிலிருந்து ஒரு கை நீள்கிறது! பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். அங்கே ஒரு கண்ணாடிச் சட்டம். இந்தப் பக்கம் நின்றால் கோட்டோவியம், அந்தப் பக்கம் நின்றால் ரத்தமும் சதையும். வெளியே பரிமாறும் அம்மாள், பில்லுக்குப் பணம் தராமல் ஓடிவிட்டாள் என்று நினைத்துப் புத்தகத்தைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறாள். உள்ளே முரடர்கள் துரத்துகிறார்கள். அவன் தாளைக் கிழித்து அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தான் சிக்கிக்கொள்கிறான். அவள் அந்தக் கசங்கிய புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் நீவி நீவிப் பார்க்கிறாள்... அப்புறம் என்ன ஆனது என்பதை இன்று திரையிலேயே பாருங்கள்.

அதே பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசையில் முதலிடம் போனது. சுவர் கிடைத்தது, சித்திரம் நின்றது!

அந்தக் கோடுகளைப் போட்டவர்கள் மைக்கேல் பேட்டர்சன், கேண்டஸ் ரெக்கிங்கர். நிஜ ஆட்களைப் படம்பிடித்து, அந்தப் படச்சுருளின் ஒவ்வொரு பிரேமையும் பார்த்துப் பென்சிலால் வரைந்தார்கள். சுமார் 3,000 படங்கள், 16 வாரம். இசை வீடியோக்களை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சி எம்டிவியோ 1992 கடைசி வரைக்கும் இயக்குநர் பெயரைக்கூடத் திரையில் போடவில்லை. 'த்ரில்லர்' 2009-இல் காத்துவைக்க வேண்டிய படங்களின் பட்டியலான அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் ஏறியது. இசை வீடியோக்களில் அதுவே முதல். அதை இயக்கிய ஜான் லாண்டிஸ் பெயரை இங்கே எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? பாடியவரைத்தான் தெரியும். சுவர் வைத்தவரை விட்டுவிட்டுச் சித்திரத்தை மட்டும் புகழ்வது நியாயமா?

நம் சங்கத்து நோட்டீஸிலும் இன்று பாடகர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து இயக்கியவர், வரைந்தவர், படம்பிடித்தவர், வெட்டி ஒட்டியவர் எல்லோர் பெயரும் அதில் வர வேண்டும். உள்ளூர் கேபிள்காரர்களும் பாட்டுப் போடும்போது இதைச் செய்யச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். துணைத்தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட இசைந்திருக்கிறார்கள். வாசல் மேசையில் தாளும் பேனாவும் இருக்கிறது. போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். இலங்கைப் படப்பிடிப்புக் கதைக்கு நேரம் இல்லை, தலைவர் மணி அடித்துவிட்டார். நன்றி, வணக்கம்.