மணிக்கட்டு ஊசியும் திரையில் ஓடும் சிவப்புக் கோடும்

வணக்கம் மக்களே. நைட் டியூட்டி முடிந்து நேராகத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போனால் தூங்கிவிடுவேன், அதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். நேற்று ராத்திரி ஐசியூ வாசலில் ஒரு அம்மா, "பிரஷர் பார்க்கத்தான் கையில பட்டை கட்டியிருக்கீங்களேம்மா, மணிக்கட்டுல வேற எதுக்குக் குத்தியிருக்கீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பட்டை சில நிமிடங்களுக்கு ஒரு முறைதான் அளக்கும். உடம்பெல்லாம் கிருமி பரவி பிரஷர் சரிந்துகொண்டிருப்பவருக்கு அந்த இடைவெளியே ஆபத்து. அதனால் நாடி பிடித்துப் பார்க்கும் அதே இடத்தில், தமனிக்குள் மெல்லிய குழாய் போடுகிறோம். ஆர்ட்டீரியல் லைன் என்போம். அதில் சலைன் நிரம்பியிருக்கும், மறுமுனையில் டிரான்ஸ்டியூசர், அதாவது அழுத்தத்தை மின் சைகையாக மாற்றும் சின்னக் கருவி. ஒவ்வொரு துடிப்பும் திரையில் சிவப்புக் கோடாக ஓடும்.

எல்லோரும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் கோட்டின் வடிவத்தைப் பார்ப்பேன். இதயம் ரத்தத்தைத் தள்ளும்போது கோடு விறுவிறுவென்று ஏறும். இறங்கும் வழியில் சின்னதாக ஒரு பள்ளம் விழும். பெருந்தமனி வால்வு மூடிய அடையாளம் அது. அந்தப் பள்ளம் வரைக்கும் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்பை வைத்து, ஒரு துடிப்பில் எவ்வளவு ரத்தம் போனது என்று இயந்திரம் கணக்குப் போடுகிறது. 70 மில்லி என்றால், நிமிடத்துக்கு 72 துடிப்புக்குச் சுமார் 5 லிட்டர். இதற்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க், 1899ல். அவர் சொன்னது இதுதான்: நம் ஊர் கம்ப்ரசர் போர்வெல்லில் தண்ணீர் குபுக் குபுக்கென்று விட்டு விட்டு வரும், பார்த்திருப்பீர்கள். இதயமும் அப்படித்தான் தள்ளுகிறது. ஆனால் பெருந்தமனி விரிந்து கொஞ்சம் ரத்தத்தைப் பிடித்து வைத்து, அடுத்த துடிப்பு வரும்வரை விட்டுக்கொண்டே இருக்கும்.

வென்டிலேட்டரில் இருப்பவரிடம் இன்னொன்றும் தெரியும். இயந்திரம் மூச்சைத் தள்ளத் தள்ள அலையின் உயரம் கூடிக் குறையும். அந்த வித்தியாசம் சுமார் 13 சதவீதத்தைத் தாண்டினால், சலைன் ஏற்றினால் பலன் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். கண்ணை மூடிக்கொண்டு பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆனால் நோயாளி தானாக மூச்சு விட்டாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது.

சரி, இப்போது என் தவறு ஒன்று. டிரான்ஸ்டியூசர் இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும்: நான்காவது விலா இடைவெளி, மார்பின் பக்கவாட்டில் நடுப்பகுதி. கொத்தனார் ரசமட்டம் பிடிப்பது போல அத்தனை துல்லியமாக வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி, ஒரு நோயாளிக்கு உடம்பு துடைக்கக் கட்டிலை ஏற்றினோம். ஸ்டாண்டில் இருந்த டிரான்ஸ்டியூசரை நான் ஏற்றவில்லை. ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. சராசரி பிரஷர் 71 என்று காட்டியது. 65க்கு மேல் இருக்கிறதே என்று நினைத்து, டாக்டர் சொல்லி வைத்திருந்தபடி, பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்தைக் கொஞ்சம் குறைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் யூரின் பையில் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை, பிரஷர் போதவில்லை என்பதற்கான அறிகுறி அது. அப்போதுதான் ஸ்டாண்டைப் பார்த்தேன். மேலே ஏற்றி, மறுபடி ஜீரோ செய்ததும் (வெளிக்காற்றின் அழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்ததும்) 56. கை நடுங்கிவிட்டது. 10 சென்டிமீட்டர் இறங்கினால் ஏழரை புள்ளி கூட்டிக் காட்டும் என்பதைப் படித்திருந்தேன், அன்றுதான் புரிந்தது. மருந்தைக் கூட்டி, டாக்டரை எழுப்பிச் சொன்னேன். அந்த நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார்.

குழாயில் காற்றுக் குமிழி இருந்தாலும் அலை மழுங்கி, மேல் பிரஷர் குறைவாகக் காட்டும். அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குழாயில் சலைனை வேகமாகப் பாய்ச்சி ஃபிளஷ் செய்து, அலை எப்படி அடங்குகிறது என்று பார்த்த பிறகுதான் எண்ணை எழுதுவேன்.

உங்கள் வீட்டில் யாராவது ஐசியூவில் இருந்தால், பார்க்கப் போகும்போது தலைமாட்டை ஏற்றவோ இறக்கவோ நீங்களாகக் கை வைக்காதீர்கள். மணிக்கட்டுக் குழாய் மடங்கியிருந்தாலோ அதன் மேல் போட்ட கட்டுத்துணியில் ரத்தம் கசிந்திருந்தாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள், தொந்தரவு என்று நினைக்க வேண்டாம்.