ஃபேண்டஸி ஃபுட்பால்: வாராந்திர ரேங்கிங்கைப் படிச்சு லைன்அப் போடுறது எப்படி?

[திரையில்: ஒரு ரேங்கிங் பட்டியல். 22ஆவது வரியும் 27ஆவது வரியும் மட்டும் மஞ்சள் நிறத்தில்.]

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல் வீரர்களை வச்சு நீங்க ஒரு கற்பனை டீம் அமைச்சிருக்கீங்க. நிஜ ஆட்டத்துல அவங்க செய்றது உங்களுக்குப் புள்ளி, வாராவாரம் லீக்ல இன்னொருத்தர் டீமோட மோதுவீங்க. அந்த வாரம் யாரை இறக்குறீங்கங்கிறதுதான் லைன்அப். உங்க டீம்ல ரெண்டு வைட் ரிசீவர், அதாவது வீசுற பந்தைப் பிடிக்கிறவங்க, இருக்காங்க. நிபுணர்கள் போடுற இந்த வாரப் பட்டியல்ல ஒருத்தர் 22ஆவது, இன்னொருத்தர் 27ஆவது. காலியா இருக்கிறது ஒரே ஒரு இடம். நிறைய பேர் யோசிக்காம 22ஐ இறக்கிடுவாங்க. ஆனா பக்கத்துலயே எதிர்பார்க்கிற புள்ளின்னு ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்க. ஒருத்தருக்கு 11.4, இன்னொருத்தருக்கு 10.9ன்னு இருக்கலாம். அஞ்சு இடம் தள்ளி இருந்தும் வித்தியாசம் அரைப் புள்ளி. அதே பட்டியல்ல மேல போய், பந்தோட ஓடுறவங்களான ரன்னிங் பேக்ல 3ஆவது ஆளையும் 8ஆவது ஆளையும் பாருங்க. அங்கேயும் அஞ்சு இடம்தான், ஆனா நாலு புள்ளி வித்தியாசம் இருக்கலாம்.

இந்த இடைவெளியைத்தான் நாம படிக்கக் கத்துக்கணும். பெருசா இருந்தா பட்டியல் சொல்றபடி செய்யுங்க. சின்னதா இருந்தா பட்டியல் உங்களுக்கு எதுவும் சொல்லலைன்னு அர்த்தம், முடிவை வேற விஷயங்களை வச்சு எடுக்கணும். அது என்னென்னன்னு வரிசையா பார்ப்போம்.

நாம பேசுறது அமெரிக்காவோட என்எஃப்எல் ஃபேண்டஸி. பிரீமியர் லீக் ஃபேண்டஸிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

[திரையில்: லீக் செட்டிங்ஸ் பக்கம். "கேட்ச்" என்ற வரியைச் சுற்றி வட்டம்.]

முதல் வேலை, உங்க லீகோட செட்டிங்ஸைத் திறந்து கேட்சுக்கு எத்தனை புள்ளின்னு பாருங்க. ஒரு புள்ளின்னா ஃபுல் பிபிஆர் (பாயிண்ட் பெர் ரிசெப்ஷன், அதாவது கேட்சுக்குப் புள்ளி), அரைன்னா ஹாஃப் பிபிஆர், ஒண்ணுமே இல்லைன்னா ஸ்டாண்டர்டு. மத்ததெல்லாம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: ஓடினாலும் பிடிச்சாலும் 10 யார்டுக்கு 1 புள்ளி, டச்டவுனுக்கு (பந்தை எதிரணியோட கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டு போறதுக்கு) 6. பந்தை வீசுற ஆளான க்வாட்டர்பேக் வீசினா 25 யார்டுக்கு 1, டச்டவுனுக்குப் பொதுவா 4.

இந்த ஒரு கேட்ச் விதி எவ்வளவு புரட்டிப் போடும்னு ரெண்டு பெரிய சீசனை வச்சுப் பார்க்கலாம். 2020ல டென்னசி டைட்டன்ஸ் ரன்னிங் பேக் டெரிக் ஹென்றி 16 ஆட்டத்துல 2,027 யார்டு ஓடினார், 17 டச்டவுன். ஆனா பிடிச்சது 19 கேட்ச்தான், அதுல 114 யார்டு. 2021ல லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் ரிசீவர் கூப்பர் கப் 17 ஆட்டத்துல 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச்டவுன். இந்த எண்களை மட்டும் வச்சுக் கூட்டுங்க. ஸ்டாண்டர்டுல ஹென்றிக்கு 316, கப்புக்கு 291. ஃபுல் பிபிஆர்ல ஹென்றி 335, கப் 436. 25 புள்ளி பின்னாடி இருந்தவர் 100 புள்ளி முன்னாடி போயிட்டார்.

அதனால ஸ்டாண்டர்டு லீக் ஆடிட்டு பிபிஆர் பட்டியலைப் பார்த்து லைன்அப் போட்டீங்கன்னா, வேற ஒரு விளையாட்டோட பட்டியலைப் பார்க்கிற மாதிரிதான். பட்டியலோட தலைப்புல எந்த முறைன்னு போட்டிருக்கும். எந்த நாள்ல கடைசியா திருத்தினாங்கன்னும் பாருங்க. செவ்வாய்க்கிழமை போட்ட பட்டியலுக்கு வெள்ளிக்கிழமைக் காயச் செய்தி தெரியாது.

பல நிபுணர்களோட பட்டியலைச் சேர்த்துச் சராசரி காட்டுற ஃபேண்டஸிப்ரோஸ் மாதிரித் தளங்கள்ல இன்னொரு நல்ல விஷயம் இருக்கு. ஒரு வீரருக்கு யாராவது கொடுத்த மிக உயர்ந்த இடம், மிகத் தாழ்ந்த இடம் ரெண்டும் பக்கத்துலயே இருக்கும். சராசரி 25ன்னு இருக்கிற ரெண்டு பேர்ல, ஒருத்தருக்கு 20லிருந்து 30 வரை, இன்னொருத்தருக்கு 11லிருந்து 48 வரைன்னு இருந்தா, ரெண்டாவது ஆளைப் பத்தி நிபுணர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. காயமா, புது க்வாட்டர்பேக்கா, வேலையை இன்னொருத்தரோட பாதியா பிரிச்சுக்கிறாரான்னு தேடிப் பார்த்துட்டு அப்புறம் முடிவெடுங்க.

[திரையில்: இரண்டு வீரர்களின் கடந்த மூன்று வார அட்டவணை.]

சரி, இடைவெளி சின்னதா இருக்கு. இப்ப எதைப் பார்க்கிறது? போன வாரப் புள்ளியை இல்லை, போன வாரம் கிடைச்ச வாய்ப்பைப் பாருங்க. ரிசீவருக்கு டார்கெட், அதாவது எத்தனை தடவை பந்து அவரை நோக்கி வீசப்பட்டது. ஒருத்தர் 3 டார்கெட்ல 2 பிடிச்சு, 70 யார்டு, ஒரு டச்டவுன்: பிபிஆர்ல 15 புள்ளி. இன்னொருத்தர் 11 டார்கெட்ல 6 பிடிச்சு 58 யார்டு: 11.8 புள்ளி. அடுத்த வாரம் இறக்க வேண்டியது ரெண்டாவது ஆளை. ஒரு நீளமான டச்டவுன் திரும்ப வரும்னு யாராலும் சொல்ல முடியாது. ஆனா 11 தடவை பந்து வந்த ஆளைத் தேடி அடுத்த வாரமும் பந்து வரும், ஏன்னா அது கோச்சோட திட்டம். டீம் வீசுற மொத்தப் பந்துல கால்வாசி ஒரே ஆளுக்குப் போகுதுன்னா, அவரைப் பெஞ்ச்ல வைக்க ரொம்ப வலுவான காரணம் வேணும்.

ரன்னிங் பேக்குக்கு மூணு எண். டீம் ஆடின ஸ்னாப்ல (பந்தை எடுத்து ஆடுற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) எத்தனை சதவீதம் களத்துல இருந்தார்? எத்தனை டார்கெட்? கோல் கோட்டுக்கு 5 யார்டுக்குள்ள பந்து யார் கையில போகுது? கடைசிக் கேள்விதான் நிறைய பேர் விடுறது. 80 யார்டு வரை கொண்டு வந்தவரை வெளியே எடுத்துட்டு, கடைசி ரெண்டு யார்டுக்கு வேற கனமான ஆளை இறக்குற டீம்கள் உண்டு. வேலை இவருக்கு, 6 புள்ளி அவருக்கு. பிபிஆர்ல டார்கெட் ஏன் முக்கியம்னா, ஒரு சாதாரண ஓட்டம் 4 யார்டு, 0.4 புள்ளி. ஒரு சாதாரணக் குட்டிப் பாஸைப் பிடிச்சு 6 யார்டு போனா 1.6. ஒரு கேட்ச் நாலு ஓட்டத்துக்குச் சமம்.

[திரையில்: "மொத்தம் 48, வித்தியாசம் 6" என்ற கணக்கு படிப்படியாக.]

அடுத்தது, அந்த டீம் இந்த வாரம் எத்தனை புள்ளி எடுக்கும்னு எதிர்பார்க்கிறாங்க. லாஸ் வேகாஸ் பந்தய நிறுவனங்க ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ரெண்டு எண் வெளியிடும். ஒண்ணு மொத்தப் புள்ளி, இன்னொண்ணு யார் எவ்வளவு வித்தியாசத்துல ஜெயிப்பாங்கன்னு. நீங்க பந்தயம் கட்ட வேண்டாம், எண்ணை மட்டும் எடுத்துக்குங்க. மொத்தம் 48, ஒரு டீம் 6 புள்ளி முன்னிலைன்னு வச்சுக்கலாம். 48ல பாதி 24. 6ல பாதி 3. அந்த டீமுக்கு 27, எதிர் டீமுக்கு 21. 27ங்கிறது நல்ல எண், 3 டச்டவுன் வரும். 17க்குக் கீழ இருக்கிற டீம்ல ரெண்டாவது ரிசீவரை இறக்குறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

வித்தியாசமும் ஒரு கதை சொல்லும். பெருசா ஜெயிக்கப் போற டீம் கடைசியான நாலாவது குவார்ட்டர்ல ஓடி ஓடி நேரத்தைக் கரைக்கும், அதனால அவங்க ரன்னிங் பேக்குக்கு நல்லது. தோக்கப் போற டீம் வீசிக்கிட்டே இருக்கும். பாஸ் பிடிக்கத் தெரியாத ரன்னிங் பேக் அங்க பெஞ்ச்லயே உட்கார்ந்திருப்பார்.

[திரையில்: காய அறிக்கை. புதன், வியாழன், வெள்ளி என மூன்று கட்டங்கள்.]

இப்ப காய அறிக்கை. இங்கதான் நிறைய வாரங்கள் கைவிட்டுப் போகுது, அதனால கொஞ்சம் நிதானமா பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் புதன், வியாழன், வெள்ளி மூணு நாளும் டீம்கள் அறிக்கை தரணும்: முழுப் பயிற்சி, பாதிப் பயிற்சி, பயிற்சியே இல்லை. வெள்ளிக்கிழமை ஆட்ட நிலையும் வரும். அவுட்னா இல்லை. டவுட்ஃபுல்னா கிட்டத்தட்ட இல்லைன்னே எடுத்துக்குங்க. க்வெஸ்சனபிள்னா நிச்சயமில்லை. முன்னாடி ப்ராபபிள்னு ஒண்ணு இருந்தது, 2016லிருந்து அது கிடையாது.

படிக்க வேண்டியது போக்கை. வயசான நட்சத்திர வீரர் புதன்கிழமை பயிற்சிக்கு வரலைன்னா பதற வேண்டாம், ஓய்வா இருக்கும். மூணு நாளும் பாதிப் பயிற்சின்னா பெரும்பாலும் ஆடுவார். பயப்பட வேண்டியது தலைகீழ் வரிசைக்கு: புதன் முழுசு, வியாழன் பாதி, வெள்ளி இல்லை. அது வாரத்துக்கு நடுவுல வந்த புதுக் காயம், இல்லைன்னா பழசு மோசமாயிருக்கு. அந்த ஆளுக்கு மாற்று ஏற்பாடு வெள்ளி இரவே தயாரா இருக்கணும்.

கடைசி வார்த்தை ஆட்டம் தொடங்க 90 நிமிஷம் முன்னாடி வர்ற ஆடாதவங்க பட்டியல். அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 1 மணி ஆட்டத்துக்கு 11:30க்கு வரும். இந்தியாவிலிருந்து ஆடுறவங்களுக்கு அது ஞாயிறு இரவு 9 மணி. நவம்பர் தொடக்கத்துல அங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைப்பாங்க, அப்ப இரவு 10 ஆயிடும். அந்த நேரத்துக்கு அலாரம் வைங்க. லண்டன்ல நடக்கிற ஆட்டங்கள் கிழக்கு நேரம் காலை 9:30க்கு இருந்தா, அந்த வீரருக்குப் பட்டியல் காலை 8க்கே வந்துடும். அமெரிக்காவுல மேற்குக் கரையில இருக்கிறவங்களுக்கு அது விடியக்காலை 5 மணி, அதனால முந்தின இரவே முடிவெடுத்துடுங்க.

[திரையில்: லைன்அப் கட்டங்கள். ஃப்ளெக்ஸ் கட்டம் மின்னுகிறது.]

இதோட சேர்ந்த ஒரு விஷயம், யாரை இறக்குறீங்கங்கிறதோட எந்தக் கட்டத்துல இறக்குறீங்கங்கிறதும் முக்கியம். ஃப்ளெக்ஸ் கட்டத்துல ரன்னிங் பேக், ரிசீவர், டைட் எண்ட் (எதிராளியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்றவர்) மூணுல யாரையும் போடலாம். ஒருத்தரோட ஆட்டம் தொடங்கிட்டா அவர் பூட்டப்படுவார், அப்புறம் மாத்த முடியாது. அதனால ஃப்ளெக்ஸ்ல எப்பவும் கடைசியா ஆடுற ஆள் இருக்கணும். வியாழன் இரவு ஆடுறவரை ஃப்ளெக்ஸ்ல போட்டீங்கன்னா, மூணு கதவு இருந்த இடத்தை வியாழக்கிழமையே பூட்டிட்டீங்க. அவரை அவரோட சொந்தக் கட்டத்துல போடுங்க.

2024 சீசனோட முதல் வாரத்தை எடுத்துக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ ஃபோர்ட்டிநைனர்ஸ் ரன்னிங் பேக் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, பல லீக்ல முதல் ஆளா எடுக்கப்பட்டவர். நியூயார்க் ஜெட்ஸ் டீமோட திங்கள் இரவு ஆட்டம். காய அறிக்கையில பேர் இருந்தது, ஆனாலும் ஆடுவார்னு நம்பிப் போட்டவங்க நிறைய. அவர் ஆடலை. ஞாயிறு ஆட்டங்கள் எல்லாம் முடிஞ்சு போச்சு, பெஞ்ச்ல இருந்தவங்கள்ல ஏற்கனவே ஆடினவங்க எல்லாரும் பூட்டியாச்சு. அவர் இடத்துல இறங்கின ஜோர்டன் மேசன் 28 ஓட்டத்துல 147 யார்டு, ஒரு டச்டவுன் எடுத்தார். ஓட்டத்துல மட்டும் 20.7 புள்ளி.

மேசனைப் பெஞ்ச்ல வச்சிருந்தவங்க ஒரு நிமிஷத்துல மாத்திக்கிட்டாங்க. அவர் இல்லாதவங்களுக்கும் ஒரு வழி இருந்தது: மெக்காஃப்ரியை ரன்னிங் பேக் கட்டத்துல வைக்காம ஃப்ளெக்ஸ்ல வச்சிருந்தா, அன்னிக்கு ஆடுற ரெண்டு டீம்ல சும்மா கிடக்கிற எந்த ரிசீவரையும் டைட் எண்டையும் எடுத்துப் போட்டிருக்கலாம், லீக் விதி அந்த நேரத்துல வீரரை எடுக்க அனுமதிச்சா. கட்டத்தை மாத்தி வைக்க ஆகுற செலவு பூஜ்யம், அதனாலதான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்றோம்.

[திரையில்: காற்றுத் திசை வரைபடம்.]

வானிலையில மழையும் பனியும் பார்க்க பயங்கரமா இருக்கும், புள்ளியை அவ்வளவா குறைக்காது. கெடுக்கிறது காற்று. மணிக்கு 15 மைலுக்குக் கீழ இருந்தா மறந்துடுங்க. 20ஐத் தாண்டினா நீளமா வீசுற க்வாட்டர்பேக், தூரமா ஓடுற ரிசீவர், பந்தை உதைச்சுப் புள்ளி எடுக்கிற கிக்கர் மூணு பேரையும் ஒரு படி இறக்குங்க. 2021 டிசம்பர் 6, பஃபலோ மைதானத்துல பலத்த காற்று. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் க்வாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் ஆட்டம் முழுக்க வீசினது மூணே மூணு பந்து, 19 யார்டு. 46 தடவை ஓடியே 14க்கு 10ன்னு ஜெயிச்சாங்க. அந்த டீம் ரிசீவரை இறக்கியிருந்தவங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

கிக்கருக்கும் டிஃபென்ஸுக்கும் (ஒரு டீமோட தடுப்பாட்டக்காரங்க எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளா எடுக்கிறது) அஞ்சு நிமிஷத்துக்கு மேல செலவழிக்காதீங்க. கிக்கர்னா, அதிகப் புள்ளி எதிர்பார்க்கிற டீம், முடிஞ்சா டெட்ராய்ட், மினசோட்டா மாதிரி கூரை போட்ட மைதானம். டிஃபென்ஸ்னா அது எவ்வளவு நல்ல டிஃபென்ஸ்ங்கிறதைவிட எதிர்ல யார் பந்து வீசுறாங்கன்னு பாருங்க. அனுபவமில்லாத, இல்லைன்னா கடைசி நேரத்துல இறங்குற க்வாட்டர்பேக்குக்கு எதிரா வாராவாரம் ஆளை மாத்திக்கிட்டே இருக்கலாம்.

[திரையில்: இரண்டு வீரர்களின் புள்ளிகள் பட்டை வரைபடமாக. ஒன்று சமமானது, மற்றொன்று ஏற்ற இறக்கமானது.]

இவ்வளவு பார்த்தும் ரெண்டு பேரும் சமமா நின்னா, எதிராளியோட டீமைப் பாருங்க. திங்கள் இரவுக்கு நீங்க 6 புள்ளி பின்னாடி, உங்ககிட்ட ஒரு ஆள் மிச்சம்னா, வாராவாரம் 8லிருந்து 12க்குள்ள எடுக்கிற ஆள் போதும். 22 புள்ளி பின்னாடின்னா அந்த நல்ல பிள்ளை உதவ மாட்டார். ரெண்டு வாரம் 3 எடுத்தாலும் மூணாவது வாரம் 27 எடுக்கிற தூர ரிசீவரை இறக்குங்க. சராசரியில அவர் கீழதான் இருப்பார், பட்டியலும் அவரைக் கீழதான் வச்சிருக்கும். பட்டியலுக்கு உங்க ஸ்கோர் தெரியாது.

பொதுவா 5ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை ஓய்வு வாரங்கள் வரும். டீமுக்கு ஒரு வாரம் ஆட்டமே இருக்காது. உங்க ரெண்டு ரன்னிங் பேக்குக்கும் ஒரே வாரம் ஓய்வுன்னா, அதை ரெண்டு வாரம் முன்னாடியே கண்டுபிடிச்சு ஆளை எடுத்து வைங்க. அந்த வாரம் தேடினா லீக்ல எல்லாரும் தேடிட்டிருப்பாங்க.

திங்கள் இரவு ஆட்டம் முடிஞ்சதும், இந்தியாவுல செவ்வாய் காலை, வேலை திரும்பத் தொடங்கும். யார் எத்தனை ஸ்னாப் ஆடினாங்க, எத்தனை டார்கெட்னு அட்டவணையைத் திறங்க. ரெண்டு வாரம் முன்னாடி 35 சதவீதம், போன வாரம் 50, இந்த வாரம் 65ன்னு ஏறிட்டே வந்தும் புள்ளி இன்னும் வராத ரன்னிங் பேக் ஒருத்தர் வெய்வர்ல (உங்க லீக்ல யாரும் எடுக்காத வீரர்கள் பட்டியல்) சும்மா கிடக்கலாம். பெரும்பாலான லீக்ல புதன் விடியக்காலை கோரிக்கைகளைப் பிரிச்சுக் கொடுப்பாங்க, அதுக்குள்ள உங்க கோரிக்கை உள்ள போயிருக்கணும்.