வாசலிலிருந்து பேருந்து வரை

மதிப்பிற்குரிய அவையோரே,

மாற்றுத்திறனாளிகளையும் கருத்தில்கொண்டு நகரை அமைப்பது என்றதும், கட்டட வாசலில் போடும் சாய்தளம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அதற்கு வகுத்த அளவு. அதன்படி 15 செ.மீ. உயர நடைபாதையில் ஏற 180 செ.மீ. சாய்தளம் வேண்டும். நம் தெருக்களிலோ, மீந்த சிமென்ட் கலவையைக் கரண்டியால் இழைத்து ஒரு முழத்தில் முடித்துவிடுகிறார்கள். பின்னால் நின்று தள்ள ஆளில்லாமல் சக்கர நாற்காலியில் ஏற முடியாதென்றால், அதற்கும் படிக்கட்டுக்கும் என்ன வேறுபாடு?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் புழங்குவதற்கான அணுகல் விதிகளுக்கு ஒவ்வாத வரைபடத்துக்குக் கட்டட அனுமதி தரலாகாது என 44ஆம் பிரிவில் கூறுகிறது. அந்த விதிகளோ நெடுநாள் வெறும் பரிந்துரைகளாகவே இருந்ததால், கட்டாய அளவுகளை வகுக்குமாறு 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட வேண்டியதாயிற்று. இருப்பினும், கட்டடத்தை அனுமதியின்போது நிறுத்திக் கேள்வி கேட்க வழியுண்டு. வாசலைத் தாண்டியபின் வரும் தெருவை அப்படி நிறுத்தி யார் கேட்பது?

சென்னை மெரினாவில் மணலைக் கடந்து கடலருகே செல்ல 2022 நவம்பரில் மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சீரமைத்தார்கள். நல்ல பணிதான். ஆயினும், அந்தப் பாதை வரை ஒருவர் எப்படி வந்து சேர்வார்? சக்கர நாற்காலியோடு ஏறத்தக்க தாழ்தளப் பேருந்துகளுக்காக உயர் நீதிமன்றத்தில் வழக்காடிய பிறகு, 2024 ஆகஸ்டில்தான் புதிய வண்டிகள் ஓடத் தொடங்கின. வண்டி வந்தாலும், நிறுத்தத்தில் ஆட்டோக்கள் நின்றால் ஓட்டுநர் நடுச்சாலையில்தான் நிறுத்துவார். பேருந்து வாசலிலிருந்து நடைபாதையில் படியவேண்டிய சாய்பலகை தார்ச்சாலையில் செங்குத்தாக இறங்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நடைபாதையில் பைக் ஏறாதிருக்க இரும்புத் தூண்களை நடுகிறார்கள். சக்கர நாற்காலி தாராளமாகச் செல்ல 90 செ.மீ. இடைவெளி வேண்டும், அவ்வளவு விட்டால் பைக்கும் நுழைந்துவிடும். எனவே அபராதமும் கண்காணிப்பும் செய்ய வேண்டிய வேலையைத் தூணின் தலையில் கட்டுவது, குற்றம் செய்யாதவரைத்தான் தண்டிக்கிறது.

நடைபாதை மாநகராட்சியுடையது, அதன்மேல் நிற்கும் மின்பெட்டி மின்வாரியத்துடையது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது, ஆட்டோவை அகற்றுவது காவல்துறையின் பொறுப்பு. இத்தனை கை மாறும் பாதையில் ஓரிடம் அறுந்தாலும் மற்றவற்றுக்குச் செலவிட்ட பணம் வீண். ஆகவே, சாலைப் பணியின் இறுதிப் பில்லில் கையெழுத்திடுமுன், அந்த வார்டில் வசிக்கும் சக்கர நாற்காலிப் பயனர் ஒருவரும் பார்வையற்றவர் ஒருவரும் குடியிருப்பு வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை தாமாகவே சென்று பார்க்க வேண்டும். அவர்கள் தடைப்பட்ட இடங்களைச் சரிசெய்யும்வரை ஒப்பந்ததாரருக்குத் தொகை விடுவிக்கலாகாது என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே சேர்க்குமாறு உள்ளாட்சி மன்றங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.