சைக்கிளை விட்டு இறங்கினால் பறந்துவிடும்: வேளாங்கண்ணி முதல் கோடியக்கரை வரை

வணக்கங்க. பின்னால் கேட்கிற சத்தமெல்லாம் எங்கள் சேலத்து மூக்கனேரி, ஏரிதான். கன்னங்குறிச்சிப் பக்கக் கரையில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் பேசுகிறேன். மணி ஆறரை. பனி மூட்டத்தில் சேர்வராயன் மலை தெரியவே இல்லை, அதனால் மலையைக் காட்டு என்று யாரும் கேட்காதீர்கள்.

கோடியக்கரைக்குச் சைக்கிளில் பறவை பார்க்கப் போன படங்களைப் போட்டதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான். சேலத்துக்காரனுக்குக் கடற்கரையில் என்ன வேலை? வேலையெல்லாம் இல்லை, திமிர்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடித்துவிட்டு இறங்குகிற ஆள் நான். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர். கோடியக்கரையில் உயரமான இடம் எது தெரியுமா? ராமர் பாதம் என்கிற மணல்மேடு. சுமார் 4 மீட்டர்! இதெல்லாம் ஒரு ரூட்டா என்று சிரித்துக்கொண்டேதான் வேளாங்கண்ணி பஸ்ஸில் சைக்கிளை ஏற்றினேன்.

போகும்போது சிரிப்பு நீடித்தது. வேளாங்கண்ணியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம் சுமார் 40 கிலோமீட்டர். ஜனவரி மாதம், வாடைக்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. மிதிக்கவே வேண்டாம். திரும்பும்போது அதே காற்று மூஞ்சியில். கியரைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் பத்தாவது கொண்டை ஊசியில் போகிற வேகத்தில் தட்டையான ரோட்டில் போனேன். மலையில் வளைவுக்கு நம்பர் போட்டிருப்பார்கள், இன்னும் எத்தனை என்று எண்ணலாம். காற்றுக்கு ஏது நம்பர்? விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போதே திரும்பிவிடுங்கள். நான் செய்யவில்லை.

சரி, பறவைக்கு வருவோம். வேதாரண்யம் தாண்டினால் அகத்தியம்பள்ளி. ரோட்டோரம் உப்பளம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளிய இடம். நம் ஊரில் வக்கீலாக இருந்து, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர் அவர். நினைவுத்தூண் முன்னால் சேலத்துக்காரனாக ஒரு நிமிடம் நின்றேன். அந்த நிமிடத்தில்தான் தூணுக்கு அந்தப் பக்கம் தண்ணீரில் ஏதோ அசைந்தது. நெடுங்கால் உள்ளான். சிவப்புக் குச்சியில் கருப்பு வெள்ளைப் பொம்மையைச் செருகினது மாதிரி இருக்கும். நம் ஏரியிலும் பார்க்கலாம்தான், ஆனால் இங்கே கூட்டமாக. அதன் காலுக்குக் கீழே எலிக்குஞ்சு ஓடுவது போல ஓடிக்கொண்டிருந்தது கொசு உள்ளான். முப்பது கிராம் கூட வராது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஆர்க்டிக் பக்கத்திலிருந்து பறந்து வருகிறது. நான் 40 கிலோமீட்டருக்கு முழங்கால் வலி என்று புலம்புகிறேன்.

இங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது. சைக்கிளில் மெதுவாகக் கடந்து போனால் அந்தக் கூட்டம் தலையைக்கூடத் தூக்கவில்லை. பிரேக் பிடித்து, காலைத் தூக்கி இறங்கினேனோ இல்லையோ, அத்தனையும் எழுந்து அடுத்த பாத்திக்குப் போய்விட்டது. மூன்று தடவை இதே கதை. சைக்கிளோடு இருக்கிற வரை நாம் ஏதோ ஒரு வண்டி, இறங்கி நின்றால் இரண்டு கால் மிருகம் போலிருக்கிறது. அப்புறம் முறையை மாற்றினேன். தூரத்திலேயே நின்று, ஒரு காலை மட்டும் ஊன்றி, ஹேண்டில்பாரில் முழங்கையை வைத்துக்கொண்டு பைனாகுலர். அப்படித்தான் பூநாரை கிடைத்தது. அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுத் தண்ணீரை அரித்துத் தின்கிறது. அந்த இளஞ்சிவப்பு அதன் சொந்த நிறம் இல்லை, தின்கிற பாசியிலும் சின்ன இறாலிலும் இருந்து ஏறுகிறது. குஞ்சு சாம்பலாகத்தான் இருக்கும்.

கோடியக்காடு போனதும் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். 1967-லிருந்து சரணாலயம், 2002-ல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சாயங்காலம் புல்வெளி ஓரம் நின்றேன். வெளிமான்! சங்கப் பாட்டில் இரலை என்று வருகிறதே, அதுதான். ஆணுக்கு மட்டும் முறுக்கிவிட்ட கொம்பு, மேலெல்லாம் கருத்து, வயிறு வெள்ளை. பெட்டைகள் பழுப்பு. நம் மலையில் திடீரென்று ரோட்டில் நிற்கும் காட்டெருமையைப் பார்த்துப் பழகிய எனக்கு, இத்தனை தூரத்திலிருந்தே நம்மைக் கவனித்துவிடுகிற மிருகம் புதுசு. பக்கத்திலேயே காட்டில் திரியும் மட்டக்குதிரைகளும் மேய்ந்தன. பார்க்க அழகு, ஆனால் மான் மேய வேண்டிய புல்லைத்தான் அவையும் மேய்கின்றன. போதாததற்குச் சீமைக்கருவேலம் வேறு வெளியை அடைக்கிறது. 2018-ல் கஜா புயல் இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டது, வெளிமான்களும் செத்தன. முறிந்த மரங்கள் இப்போதும் கண்ணில் படுகின்றன.

அந்தச் சீமைக்கருவேல முள்ளால்தான் எனக்குப் பஞ்சர், ஒரே நாளில் இரண்டு. மாற்று டியூப் ஒன்றுதான் வைத்திருந்தேன். இரண்டாவதற்குப் பேட்ச் ஒட்டத் தண்ணீர் பாட்டிலைத்தான் காலி செய்ய வேண்டியிருந்தது. கடல் காற்று பட்ட சைக்கிளை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். அலுப்பில் அப்படியே விட்டுவிட்டேன். இதோ பாருங்கள், செயின் நிறத்தை. செவ்வாப்பேட்டை வெல்லம் மாதிரி.

ஒரு நிமிடம் இருங்கள். அதோ அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் பாம்புத்தாரா இறக்கையை விரித்துக் காய வைக்கிறது. சைக்கிளை வேறு அந்தப் பக்கம் சாய்த்துத் தொலைத்திருக்கிறேன். நகர்ந்தால் போய்விடும். நீங்கள் இங்கிருந்தே ஜூமில் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பேசவில்லை.