வகுப்புக்கு முன்னால் ஒரு கையெழுத்து

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஹியூஸ்டனிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் போதைப் பழக்க ஆலோசகராகப் பணியாற்றி வருகிறேன். நீதிமன்றம் அனுப்பிவைக்கும் இளைஞர்களுக்கு வகுப்பு எடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. இணையவழிக் கஞ்சா விழிப்புணர்வு வகுப்புகளைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்தார்கள். நம் வீடுகளில் யாரும் வாய் திறக்காத விஷயம் இது. ஆனால் எனக்கு வரும் அழைப்புகளில் தமிழ்க் குரல்கள் கூடிக்கொண்டே வருகின்றன. பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான் பேசுவார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், பையனுக்கு ஒரு சின்னக் கேஸ். ஒரு வகுப்பை முடித்துவிட்டால் போதும் என்கிறார்கள். எதில் சேரலாம் என்று சொல்லுங்கள்" என்பார்கள்.

நான் உடனே எந்தப் பெயரையும் சொல்வதில்லை. "நீதிமன்றத்தில் ஏதாவது கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்பேன். இன்று நான் சொல்ல வந்ததும் அந்தத் தாளைப் பற்றித்தான்.

முதலில் நாம் வாழும் மாநிலத்தைத் தெரிந்துகொள்வோம். கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2012-இல் மக்கள் வாக்களித்துக் கஞ்சாவை அனுமதித்தார்கள். கலிஃபோர்னியாவில் 2016-இல் வந்த சட்டப்படி 21 வயது நிறைந்தவர் 28.5 கிராம் வரை வைத்திருக்கலாம். டெக்சாஸ் அப்படியல்ல. இங்கே 2 அவுன்ஸ் வரை, அதாவது ஏறக்குறைய 56 கிராம் வரை வைத்திருந்தால் 180 நாள் வரை சிறையும் 2,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமிருக்கிறது. இலையாக இல்லாமல், சாரத்தைப் பிரித்தெடுத்த எண்ணெயாகவோ மிட்டாயாகவோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றம். மிட்டாய் என்றால் அதிலுள்ள சர்க்கரையின் எடையையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். கொலராடோவின் டென்வரில் ரசீதோடு வாங்கிய, கஞ்சா எண்ணெயை ஆவியாக்கி இழுக்கும் வேப் பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு ஹியூஸ்டனுக்கு வரும் மாணவனுக்கு இது தெரிவதில்லை. போதாக்குறைக்கு, கஞ்சாச் செடியில் போதை குறைந்த வகையான ஹெம்ப்பிலிருந்து செய்து, போதைச் சத்து 0.3 சதவீதத்தைத் தாண்டாத பொருள்களுக்கு 2019-இல் டெக்சாஸ் வழிவிட்டது. அதன் பிறகு தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. "கடையில் வெளிப்படையாகத்தானே விற்றார்கள்?" என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அளவைத் தாண்டியிருக்கிறது என்று பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை வந்துவிட்டால் அந்த நியாயம் எடுபடுவதில்லை.

இனி வகுப்புகள். எல்லாம் ஒரே வகுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள், அது தவறு. ஹியூஸ்டன் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் 2017 மார்ச்சில் ஒரு திட்டம் தொடங்கியது. நான்கு அவுன்ஸுக்குக் குறைவான கஞ்சாவோடு பிடிபட்டவரைக் கைது செய்து சிறைக்கு அனுப்பாமல், 150 டாலர் கட்டி நான்கு மணி நேர வகுப்பை முடிக்கச் சொன்னார்கள். முடித்தால் வழக்கே பதிவாகாது. இது ஒரு வகை. தண்டனை பெற்றவர், நிறுத்திவைக்கப்பட்ட ஓட்டுநர் உரிமத்தைத் திரும்பப் பெறப் படிக்கும் போதைக் குற்றத்தார் கல்வித் திட்டம் வேறு. அது 15 மணி நேரம், அதுவும் மாநில அரசு அங்கீகரித்தவர்கள் நடத்த வேண்டும். கலிஃபோர்னியாவில் 18 வயதுக்குக் குறைந்தவர் முதல்முறை பிடிபட்டால் நான்கு மணி நேரக் கல்வியோடு பத்து மணி நேரம் வரை சமூக சேவையும் செய்ய வேண்டும். இத்தனை வகை இருக்கும்போது, தேடலில் முதலில் வந்து நிற்கும் தளத்தில் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, "எல்லா நீதிமன்றங்களும் ஏற்கும்" என்ற வரியை நம்பி உட்காருவது ஆபத்து. எந்தச் சான்றிதழை ஏற்பது என்பதை முடிவு செய்வது நீதிபதியும், சிறைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் விடப்பட்டவரைக் கவனிக்கும் புரொபேஷன் அதிகாரியும்தான். எத்தனை மணி நேரம், நேரில் வர வேண்டுமா, இணையவழி போதுமா, எந்தத் தேதிக்குள் என்பதை அந்த அதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில் ஒரே ஒரு வரி பதில் இருந்தாலும் போதும்.

ஒரு குடும்பம் வெட்கத்தில், யாரிடமும் கேட்காமல், ஒரே இரவில் எட்டு மணி நேர வகுப்பு ஒன்றுக்குப் பணம் கட்டியது. பையனும் முடித்துவிட்டான். தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ் வந்தது. அதிகாரி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மணி நேரம் போதவில்லை, நடத்தியவரின் பெயர் அங்கீகாரப் பட்டியலிலும் இல்லை. கெடுவுக்கு மூன்றே நாள் பாக்கி. அந்த அம்மா என் அறையில் சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். கெடு தவறினால் புரொபேஷன் விதியை மீறியதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம்.

நமக்கே உரிய இன்னொரு சிக்கல், பெயர். கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும். நீதிமன்றத் தாளிலும் அப்படியே ஏறியிருக்கும். பையன் வகுப்பில் பதிவு செய்யும்போது, வழக்கம்போலத் தன் பெயரையும் ஒற்றை முதலெழுத்தையும் போட்டிருப்பான். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை நீதிமன்ற எழுத்தருக்கு யார் சொல்வது? வழக்குத் தாளில் எப்படி இருக்கிறதோ, எழுத்துப் பிசகாமல் அப்படியே பதியுங்கள். வழக்கு எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன். வகுப்பு என்பது தனியாக வருவதில்லை. பல நேரங்களில் அதற்கு முன்னால், "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்ற தாள் ஒன்று வருகிறது. டெக்சாஸில் இந்த ஏற்பாட்டைத் தீர்ப்பு ஒத்திவைப்பு (deferred adjudication) என்பார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில மாதங்கள் கண்காணிப்பில் இருந்து, வகுப்பையும் முடித்தால் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்வார். டெக்சாஸ் சட்டத்தில் அது தண்டனைத் தீர்ப்பு ஆகாது. மத்தியக் குடியேற்றச் சட்டத்தில் அது தண்டனைத் தீர்ப்புதான். குற்றத்தை ஒப்புக்கொண்டதும், அதற்காக நீதிபதி ஏதாவது ஒரு கட்டுப்பாடு விதித்ததும் போதும். பின்னால் நடந்த தள்ளுபடியை அங்கே கணக்கில் எடுப்பதில்லை. வழக்கு விசாரணைக்கு வரும் முன் போடும் ஒப்பந்தத்தில்கூட, குற்றம் செய்தேன் என்ற வரி இருந்தால் இதே கதி நேரலாம். 2017-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் டெக்சாஸ் வழக்கு ஒன்றில் அப்படித்தான் சொன்னது.

அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கு இது கவலையில்லை. எஃப்-1 விசாவில் படிக்க வந்த பிள்ளைக்கும், எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவருக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் வாழ்க்கையே இதில் இருக்கிறது. தன் உபயோகத்துக்காக 30 கிராமுக்கு மிகாமல் ஒரே ஒருமுறை வைத்திருந்த குற்றத்துக்கு நாடு கடத்தலிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் டெக்சாஸ் சட்டம் 40 கிராமையும் 10 கிராமையும் ஒரே தரக் குற்றமாகத்தான் பார்க்கிறது. ஒரே வழக்கு, ஒரே வகுப்பு, ஒரே சான்றிதழ் என்றிருந்தும் ஒருவர் தப்பிக்கலாம், மற்றவர் விமானம் ஏற நேரலாம். அந்த விலக்கும் உள்ளே இருப்பவரை வெளியேற்றும்போதுதான் பொருந்தும். அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டு, சென்னையில் விசா முத்திரைக்காக நேர்முகத்துக்குப் போய் நிற்கும்போது பொருந்தாது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அட்ரியன் மோன்கிரீஃப் ஜமைக்காவைச் சேர்ந்தவர். மூன்று வயதில், 1984-இல், முறைப்படி இந்த நாட்டுக்கு வந்தவர். 2007-இல் ஜார்ஜியாவில் போலீசார் காரை நிறுத்திச் சோதித்தபோது 1.3 கிராம் கஞ்சா இருந்தது. இரண்டு மூன்று சிகரெட் அளவு. விநியோகிக்க வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. ஒப்புக்கொண்டார். முதல் குற்றம் என்பதால் ஐந்து ஆண்டு கண்காணிப்பு, முடித்தால் வழக்கு அழிக்கப்படும் என்றார்கள். கேட்பதற்கு எவ்வளவு நல்ல ஏற்பாடு! அந்த ஒப்புதலை வைத்தே, மிகக் கடுமையான குற்ற வகையில் சேர்த்து அவரை நாடு கடத்த அரசு முனைந்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அது தவறு என்றது. அதோடு விடுதலை கிடைத்துவிடவில்லை. வெளியேற்ற வேண்டாம் என்று மனுச் செய்யும் உரிமைதான் திரும்பக் கிடைத்தது.

அதற்கு மூன்று ஆண்டு முன்னால், பாடில்லா வழக்கில் அதே நீதிமன்றம் இன்னொன்றைச் சொன்னது. குடியுரிமை இல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன், அதனால் நாடு கடத்தப்படும் ஆபத்து உண்டா என்று குற்றவியல் வழக்கறிஞர் அவருக்குச் சொல்லியாக வேண்டும். அதுவும் கஞ்சா வழக்குதான். ஆகவே கேட்பது உங்கள் உரிமை. "சார், என் விசா என்ன ஆகும்?" என்று தயங்காமல் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் தாளைக் காட்டிவிட்டு வரும்வரை கையெழுத்தைத் தள்ளிப்போடுங்கள். வகுப்பில் சேரும்போது, "எந்த வயதில் தொடங்கினீர்கள், கடைசியாக எப்போது?" என்று ஒரு கேள்வித்தாள் கொடுப்பார்கள். அதை நிரப்பும் முன்னும் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வகுப்பைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. இணையவழி வகுப்பில் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடும். அது முடியும்வரை அடுத்த பக்கத்துக்கான பொத்தான் வெளிறிப்போய்க் கிடக்கும். அதனால் பிள்ளைகள் அதை ஓடவிட்டுவிட்டு வேறு திரையில் விளையாடுகிறார்கள். சில வீடுகளில் அம்மாவே உட்கார்ந்து வினாக்களுக்குப் பதில் போடுகிறார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நானே படித்தேன் என்று பிள்ளை உறுதிமொழி கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிறான், அது பொய்யானால் சிறிய வழக்கு பெரியதாகிவிடும்.

அதைவிட முக்கியம், அந்தப் பாடங்கள் அவனுக்குத் தேவைப்படுபவை. 1995-இல் இங்கே பிடிபட்ட கஞ்சாவில் போதைச் சத்து சராசரியாக 4 சதவீதம். இப்போது அது 15 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. வேப் எண்ணெயில் அதைவிடப் பல மடங்கு. மிட்டாயைத் தின்றவருக்கு அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. வேலை செய்யவில்லை என்று இன்னொன்றைத் தின்பார், பிறகு இரண்டும் சேர்ந்து தாக்கும். 25 வயதை ஒட்டிவரை மூளை வளர்ந்துகொண்டிருக்கிறது. நினைவாற்றலைக் கவனிக்கும் பகுதியிலும் இந்தச் சத்து போய் ஒட்டிக்கொள்கிறது. தொடர்ந்து புகைத்தவரின் சிறுநீரில் நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் தென்படலாம். புரொபேஷன் சோதனை இருக்கும் பையனுக்கு இது ஏட்டறிவு அல்ல.

என் வகுப்பில் ஒரு மாணவன், முதுகலைப் படிப்புக்கு வந்தவன். காலையில் எழுந்தால் வாந்தி, நிற்காத வாந்தி. வெந்நீர் ஷவரில் நின்றால் மட்டும் அடங்கும். அல்சர் என்றார்கள், அஜீரணம் என்றார்கள். நீண்ட நாள் கஞ்சாப் பழக்கத்தால் வரும் வாந்தி நோயைப் பற்றிய பாடத்தில், வெந்நீரில் நின்றால் குறையும் என்ற வரியைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தான். "மேடம், இது நான்தான்" என்றான். அவன் அப்பா அம்மாவிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டச் சொன்னேன். காட்டினான். நிறுத்தவும் செய்தான், ஒரே மூச்சில் அல்ல, விழுந்து எழுந்துதான். தூக்கம் வராமல், எரிச்சலோடு கிடந்த அந்த முதல் இரண்டு வாரங்கள் அவனுக்கு மிகவும் கடினமாக இருந்தன. பெற்றோர் திட்டாமல் கூட இருந்தார்கள்.

எல்லாம் முடிந்த பின் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வழக்கு தள்ளுபடியானதும் பதிவை அழிக்கவோ மறைக்கவோ மனுப் போடுவீர்கள். போடுங்கள். ஆனால் அழிக்கப்படும் முன்னால் கைது விவரம், குற்றச்சாட்டு, தள்ளுபடி ஆணை, வகுப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் நீதிமன்ற முத்திரையிட்ட நகல்களை வாங்கிக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு விண்ணப்பமும் குடியுரிமை விண்ணப்பமும், அழிக்கப்பட்ட கைதையும் சேர்த்தே கேட்கின்றன. பத்து ஆண்டு கழித்து குடியேற்ற அதிகாரி அந்தத் தாள்களைக் கேட்கும்போது நீதிமன்றத்தில் அவை இல்லாமல் போகலாம், உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். எத்தனை நகல் என்று வழக்கறிஞரிடம் கேட்டு, ஒன்றிரண்டு கூடுதலாகவே வாங்கிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.