குடல் புழுவைத் துரத்தும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். இனிப்புத் தின்றால் வயிற்றில் பூச்சி உண்டாகும் என்று வெள்ளவத்தையிலும் சொல்கிறார்கள், கொட்டாஞ்சேனையிலும் சொல்கிறார்கள். சீனியில் புழு பிறப்பதில்லை. வட்டப்புழுவின் முட்டை, சரியாகக் கழுவாமல் அரிந்த வல்லாரையோடும் மண் படிந்த விரல்களோடும் வாய்க்குள் போகிறது. கொளுக்கிப்புழுவின் குடம்பியோ வெறுங்காலின் தோலைத் துளைத்தே நுழைந்துவிடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் பாட்டிமார் ஒப்புக்கொள்வதில்லை, போகட்டும். உள்ளே வந்துவிட்ட புழுவை உடல் என்ன செய்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

பற்றீரியா என்றால் வெண்குருதிக் கலம் விழுங்கிச் செரித்துவிடும். வட்டப்புழுவோ 35 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. அதை எந்தக் கலம் விழுங்குவது? ஆகவே குடல் அதைக் கொல்வதைவிடத் துரத்துவதிலேயே குறியாக இருக்கிறது.

குடலின் உட்சுவரில், உச்சியில் குஞ்சம் வைத்தாற்போல் சில கலங்கள் உண்டு. வழக்கமாக நூற்றுக்கு ஒன்று தேறுவதே அரிது. இவை எதற்காக இருக்கின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 2016 இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் எலிகளில் விடை கண்டன: புழு வந்திருப்பதை உணர்ந்து, இன்டர்லூக்கின் 25 என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரப்பவை இவைதாம். அந்தச் சமிக்ஞை கிடைத்ததும், சுவருக்கு அடியில் இருக்கும் நிர்ப்பீடனக் கலங்கள் இன்டர்லூக்கின் 13 ஐ வெளியிடுகின்றன. அதன் பிறகு குடலே மாறிவிடுகிறது. சளி சுரக்கும் கலங்கள் பெருகுகின்றன, நீர் கசிகிறது, குடல் தசை வழமையைவிடப் பலமாகச் சுருங்குகிறது. சவுக்குப்புழு தன் தலையைச் சுவருக்குள்ளேயே செருகிக்கொண்டிருக்கும். அங்கே மேற்பரப்புக் கலங்கள் வேகமாகப் புதுப்பிக்கப்பட்டு, பழையவை புழுவையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு உதிர்கின்றன. குஞ்சக் கலங்களும் இதற்கிடையில் பல மடங்காகிவிடுகின்றன. இயோசினோபில் என்ற ஒருவகை வெண்குருதிக் கலங்களும் ஐஜிஈ என்ற பிறபொருளெதிரியும் துணைக்கு வருகின்றன. தும்மலும் ஆஸ்துமாவும் தந்து நம்மை வாட்டும் அதே ஐஜிஈதான்.

எலிகளில் சில வகைப் புழுக்கள் ஏறத்தாழ 10 நாட்களில் வெளியேறிவிடுகின்றன. மனிதரில் கதை அவ்வளவு சுமுகமாக முடிவதில்லை. வட்டப்புழு ஓராண்டு, ஈராண்டு தங்கிவிடுகிறது; பெண் புழு நாளொன்றுக்கு 200,000 முட்டைகள் வரை இடும். கொளுக்கிப்புழு இன்னும் சில ஆண்டுகள் இருந்து இரத்தம் குடிக்கும். காரணம், நமது நிர்ப்பீடனத்தை மட்டுப்படுத்தும் பொருட்களைப் புழுக்களே சுரக்கின்றன. உயிர் பிழைக்கக் கற்றுக்கொண்ட உயிரிகள், வேறென்ன செய்யும்!

"போன வருஷம்தானே பூச்சிக் குளிசை கொடுத்தோம், மறுபடியும் ஏன்?" என்று கேட்கும் தாய்மாருக்கு இதுவே பதில். சின்னமுத்து ஒருமுறை வந்து போனால் கிடைப்பதுபோன்ற நீடித்த பாதுகாப்பு இங்கே கிடைப்பதில்லை. குளிசையும் அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் தாக்கும், நாளைக்கு வருவதை அல்ல. சவுக்குப்புழுவுக்கு ஒற்றைக் குளிசை பல வேளைகளில் போதுவதுமில்லை. வைத்தியர் மூன்று நாட்களுக்குத் தந்தால், முதல் நாளோடு நிறுத்திவிடாதீர்கள். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதங்களில் இதை எடுக்கக் கூடாது. அதன் பின்னரும் வைத்தியரின் சொற்படியே எடுக்க வேண்டும்.